போர்க்கால ஜீப்பு வண்டிகளும் எமது பொறுப்பும்

பழம்பொருள் என்னுஞ் சொல்லைக் கேட்டமாத்திரத்தே எம்மவர் உள்ளத்தில் எழுவன ஏட்டுச்சுவடி, செப்பேடு, கல்வெட்டு, வெண்கலப் படிமம், மன்னர் காலத்து நாணயம் என்பனவே. நான்கு சில்லும் ஓர் எஞ்சினும் பூண்ட இரும்பு வண்டியை அவ்வரிசையிற் சேர்த்து எண்ணுவோர் எம்முள் மிகச் சிலர். ஆயினும் இலங்கையிலே இன்று பழைய மோட்டார் வண்டிகளை, அவற்றுள்ளுஞ் சிறப்பாகப் போர்க்காலத்து ஜீப்புகளையும் அவற்றின் வழிவந்த லான்ட் றோவர் முதலியவற்றையும், தேடிச் சேர்த்துச் சீர்செய்து பேணும் அன்பர்கள் பலர் உளர். இதனைச் செல்வர் வீட்டு விளையாட்டு என்று நகைப்பாரும் உண்டு. போர்க்கருவியைப் போற்றுவதோ என்று கடிவாரும் உண்டு. இவ்விரு சாராரோடும் யாம் உடன்படவில்லை. அதேவேளையில், வண்டி சேர்ப்போரோடும் முற்றாக உடன்படல் எமக்கு இயலவில்லை. அவர்கள் வண்டியைக் காக்கின்றனர். ஆனால் அவ்வண்டிக்கு இந்நாட்டார் செய்ததையும், அவ்வண்டி இந்நாட்டார்க்குச் செய்ததையும் தம்மையறியாமலே துடைத்து விடுகின்றனர். இதுவே எமது முறைப்பாடு. இதனை விளக்குதற்கு முன்னர் ஜீப்பின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1940ஆம் ஆண்டு யூலை மாதத்தில், ஐரோப்பாவிலே பிரான்சு வீழ்ந்து சில கிழமைகளே கழிந்திருந்த வேளையில், அமெரிக்கத் தரைப்படையினர் 135 கம்பனிகளுக்கு அழைப்பு விடுத்தனர். நான்கு சில்லுகளும் உந்தும் இலகுவான உளவு வண்டியொன்றின் மாதிரியை 49 நாள்களில் ஒப்படைத்தல் வேண்டுமென்பது நிபந்தனை. பெரிய கம்பனிகள் தயங்கின. பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் என்னும் ஊரிலே நொடித்துப்போகும் நிலையிலிருந்த பன்ரம் என்னுஞ் சிறு கம்பனி துணிந்து முன்வந்தது. கார்ல் புரொப்ஸ்ற் என்னும் பொறியியலாளர் சில நாள்களிலே வரைபடங்களை வரைந்தளித்தார். செப்டெம்பர் 23ஆம் திகதி வண்டி தவணை தவறாமற் படையினரிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் படைக்குத் தேவைப்பட்ட தொகையைச் செய்துகொடுக்கும் வலு அக்கம்பனிக்கு இல்லையெனக் கருதிய படையினர், அதன் வரைபடங்களை வில்லிஸ், போர்ட் என்னும் இரு கம்பனிகளுக்குங் காட்டினர். போர் முடியும்வரையில் வில்லிஸ் ஏறத்தாழ 3,60,000 வண்டிகளையும், போர்ட் ஏறத்தாழ 2,80,000 வண்டிகளையுஞ் செய்தன. பன்ரம் செய்தவை மூவாயிரத்துக்கும் உட்பட்டவையே. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர் என்னும் உலகியல்பு இரும்புக்கும் பொருந்தும் போலும்.

அவ்வண்டியிலே அழகுக்கென அமைந்தது எதுவுமில்லை. முன்பின் சில்லுகளின் இடைத்தூரம் 80 அங்குலம். நிறை 1,100 கிலோகிராம் அளவு. வில்லிஸ் எஞ்சினின் ஆற்றல் 60 குதிரைவலு. பெற்றோல் தாங்கி சாரதியின் ஆசனத்துக்குக் கீழேயே இருந்தது. இரவிலே எஞ்சின் பழுதுற்றால் முன்விளக்கைப் பின்புறமாகத் திருப்பி எஞ்சின்மீது ஒளிபாய்ச்சலாம். அதற்கென அவ்விளக்குகள் கீலிலே பொருத்தப்பட்டிருந்தன. ஜீப்பு என்னும் பெயர் படையினரின் சுருக்கெழுத்திலிருந்து வந்ததென்பர் சிலர். கேலிச்சித்திரக் கதையொன்றில் வந்த விசித்திரப் பிராணியின் பெயரென்பர் வேறு சிலர். வில்லிஸ் கம்பனி 1950இல் அதனைத் தன் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டது. எம்மவரோ அப்பதிவையும் வணிகக்குறியையும் பொருட்படுத்தினாரல்லர். உயர்ந்த சில்லும் உரத்த ஓசையுமுடைய எவ்வண்டியும், எந்நாட்டில் எவர் செய்ததாயினும், எம் வாயில் ஜீப்பே.

ஒரு வண்டி பல நாடுகளில் வழித்தோன்றல்களைப் பெற்ற கதையும் அறியத்தக்கது. இங்கிலாந்திலே றோவர் கம்பனியைச் சேர்ந்த மொறிஸ் வில்க்ஸ் என்பவர் அங்கிள்சித் தீவிலுள்ள தமது பண்ணையிற் போர்மிச்ச ஜீப்பொன்றை ஓட்டிப் பழகியவர். அத்தகைய வண்டியை நாமே செய்தாலென்ன என்று அவர் எண்ணியதன் பயனாக 1948 ஏப்பிரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் லான்ட் றோவர் வெளிவந்தது. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடாய் இருந்தமையால் அதன் உடலை அலுமினியக் கலவையாற் செய்தனர். அதனாலேயே எமது மழைநாட்டிலும் அவ்வுடல் துருவேறாது நிலைத்தது. இந்தியாவில் மகீந்திரா கம்பனி பம்பாயிலே வில்லிஸ் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. யப்பானில் மிற்சுபிசி கம்பனி 1953இல் வில்லிஸின் அனுமதியோடு ஜீப்பு செய்யத் தொடங்கி 1998வரை செய்தது. ரொயோட்டாவின் வண்டியொன்று 1951இலே பியூசி மலையில் ஆறாவது தங்குமிடம்வரை ஏறிப் பெயர்பெற்றது. இவை யாவும் பின்னர் எமது வீதிகளிலும் ஓடின.

இனி இலங்கைக்கு வருவோம். கொச்சிக்கடையில் வாழ்வோர்க்குத் துறைமுகம் அயல்வீடு போன்றது. கப்பற் சங்கொலி கேட்டு நேரமறிந்த தலைமுறைகள் இங்கே வாழ்ந்தன. 1942 ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறன்று காலை, யப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்தன. கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடல் அப்பொழுது போர்விமானத் தளமாகியிருந்தது. இரத்மலானை விமானநிலையமும் அவ்வாறே. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையும் தாக்குண்டது. 1944 ஏப்பிரலிலே மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறி, பேராதனைப் பூங்காவில் அமர்ந்தது. உலகப் போரின் பெருந் தலைமையகங்களுள் ஒன்று எமது மலைநாட்டில் இருந்ததென்பதை எம் மாணவருட் பலர் அறியார். போர்க்காலத்தில் ஜீப்புகளைப் பாதி கழற்றி மரப்பெட்டிகளிலடைத்துக் கப்பலேற்றுதல் வழக்கம். அப்படையோடு வந்த வண்டிகள் வந்திறங்கிய வாயில்களுள் எமது அயலிலுள்ள இத்துறைமுகமே தலையாயது.

போர் முடிந்தது, படை சென்றது, வண்டிகள் பல எஞ்சின. ஆசியாவெங்கும் நிகழ்ந்தது இதுவே. மணிலா நகரிலே அமெரிக்கர் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரையிட்டு, வண்ணந்தீட்டி, பொதுமக்கள் ஏறிச்செல்லும் ஜீப்னி வண்டிகளாக மாற்றினர். டார்ஜிலிங் மலையிலே மனேபஞ்சாங் என்னும் ஊரில் 1950களின் லான்ட் றோவர்களை அவ்வூர்ச் சாரதிகள் தலைமுறை தலைமுறையாக ஓட்டி, 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூ முகட்டுக்கு ஆட்களையும் பண்டங்களையும் ஏற்றிச்சென்றனர். லான்ட் றோவரின் எழுபதாம் ஆண்டு கொண்டாடப்பட்ட 2018அளவிலும் அங்கே நாற்பது வண்டிகள்வரை உயிரோடிருந்தன. தமிழ்நாட்டிலே போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்களை ஜீப்புகளே நாள்தோறும் நெருக்கியடித்து ஏற்றிச் சென்றன. படைத்தலைவருக்கெனப் பிறந்த வண்டி பாட்டாளிக்குப் பணிசெய்த கதை இது.

இலங்கையிலும் ஜீப்பும் லான்ட் றோவரும் தேயிலைத் தோட்டங்களில், நில அளவையாளரிடத்தில், நீர்ப்பாசனப் பொறியியலாளரிடத்தில், காட்டிலாகா உத்தியோகத்தரிடத்தில் உழைத்தன. உழைத்த வண்டி தேயும். தேய்ந்த வண்டிக்கு உறுப்பு வேண்டும். 1960களிலே நாட்டில் அந்நியச் செலாவணி முடை ஏற்பட்டது. 1970 தொடக்கம் 1977வரை இறக்குமதிக் கட்டுப்பாடு மிக இறுகியது. உறுப்பு வராதபோது இங்கேயே ஆக்கவேண்டியதாயிற்று. பஞ்சிகாவத்தையிலே உதிரிப்பாகக் கடை வைத்திருந்தோரும், கராஜுகளிற் பாஸ் எனப் பெயர்பெற்ற கைவினைஞரும், கடைசல் பொறியிலே இரும்பைக் கடைந்து உறுப்பாக்கியோரும் அவ்வண்டிகளைச் சாகவிடவில்லை. பெற்றோல் குடிக்கும் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு யப்பானிய டீசல் எஞ்சினை ஏற்றினர். இருக்கையை நீட்டினர், தகரக் கூரை வேய்ந்தனர். வடக்கிலே 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சிறிதளவு பெற்றோலைச் செலுத்தி எஞ்சினை முடுக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் வண்டியை ஓட்டும் வித்தையை எம்மவர் கண்டனர். இக்கல்வியைக் கற்பித்த கலாசாலை எதுவுமில்லை. வறுமையே ஆசான், வண்டியே ஏடு.

இங்கேதான் எமது முதலாவது முறைப்பாடு எழுகின்றது. இக்காலத்துச் சேகரிப்பாளர் ஒருவர் பழைய ஜீப்பு ஒன்றை வாங்கினால் முதலிற் செய்வது யாது? அறுபது எழுபது ஆண்டுகளாக இந்நாட்டுத் தொழிலாளர் பொருத்திய யாவற்றையுங் கழற்றியெறிந்து, அமெரிக்கத் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எவ்வாறிருந்ததோ அவ்வாறே ஆக்கமுயல்வதே. அந்நிய நாட்டிலிருந்து முத்திரை பதித்த போல்ற் வருகின்றது. பச்சை வர்ணம் வருகின்றது. பொனற்றின்மேல் வெண்ணிற நட்சத்திரமும், அவ்வண்டியோடு ஒருநாளுந் தொடர்புபடாத அமெரிக்கப் படையணியின் இலக்கமும் ஏறுகின்றன. இறுதியில் நிற்பது அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் உள்ளதுபோன்ற மற்றுமொரு ஜீப்பு. அவ்வண்டியில் இலங்கைக்கென்றே உரியதாயிருந்தது எதுவோ, அது பழையிரும்புக் கடைக்குச் சென்றுவிட்டது. பழைய கோயிலொன்றைத் திருத்துவோர் சோழர் கட்டிய கருவறையைக் காப்பதற்காக நாயக்கர் கட்டிய மண்டபத்தை இடிப்பரோ? இடித்தால் அறிஞர் பொறுப்பரோ?

உண்மையான போர்க்கால வண்டியை இனங்காண்டல் வேண்டாமென்பது எமது கருத்தன்று. அது மிக வேண்டும். ஏனெனில் பிற்காலத்து வண்டியைப் போர்க்கால வண்டியென விற்றுப் பொருளீட்டுவோர் எந்நாட்டிலும் உளர். மாணவர் அறிந்துகொள்ளற்பொருட்டுச் சில அடையாளங்களை ஈண்டுக் கூறுவோம். தொடக்கத்திற் சிறுதொகையான வண்டிகளுக்கு இரும்புச் சட்டங்களை ஒட்டிய முகப்பு அமைந்திருந்தது. பின்னர் வந்த போர்க்கால வண்டிகளின் முகப்பிலே ஒன்பது நெடுந்துளைகள் இருக்கும். குடிமக்களுக்கெனப் பின்னர் செய்யப்பட்டவற்றில் ஏழே இருக்கும். பொனற் மிக உயர்ந்து காணப்படின் அது 1950களில் வந்த வகை. மகீந்திராவும் மிற்சுபிசியும் செய்தவை பெரும்பாலும் அவ்வகையின் வழிவந்தவையே. போர்க்கால ஜீப்பு அனைத்துக்கும் சுக்கான் இடப்புறத்திலேயே அமைந்தது. வலப்புறத்திற் காணப்பட்டால் ஒன்று பிற்காலத்து வண்டி, அல்லது யாரோ மாற்றியமைத்த வண்டி. வில்லிஸ் வண்டியின் சட்டகத்தில் முன்குறுக்குச் சட்டம் குழாய் வடிவினது. போர்ட் வண்டியில் அது கவிழ்த்த தொட்டி போன்றது. போர்ட் கம்பனி தன் போல்ற்றுகளின் தலையிலுந் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தது. லான்ட் றோவரிலே முன்விளக்குகள் முகப்பின் நடுவேயிருந்தால் அது பழையது. 1960களின் இறுதியிலேதான் அவை இரு பக்கத்து மட்காட்டுகளுக்கு மாறின. இவற்றை அறிந்தவன் ஏமாறான். ஆனால் இவற்றோடு நிற்பவன் வண்டியை அறிந்தவனேயன்றி, வண்டியின் வரலாற்றை அறிந்தவனல்லன்.

இரண்டாவது முறைப்பாடு இலக்கத்தகடு பற்றியது. வண்டியின் உறுப்புகளுள் மிகமலிவானது அதுவே. ஆயினும் எமது சமூகத்துக்கு அதைவிடக் கனமான உறுப்பு வேறில்லை. முற்காலத்தில் சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்றவாறு வண்டிகளுக்கு இலக்கமிட்டனர். 1957 சனவரியிலே புதிதாகப் பதியப்படும் வண்டிகளுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுந்தது. தமிழரசுக் கட்சியினர் அதனை எதிர்த்துத் தமிழ் ஸ்ரீயை எழுதினர். அவ்வாண்டு யூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தங் கைச்சாத்தானபோது அமைதி பிறக்குமென்று பலரும் நம்பினர். 1958 மார்ச்சிலே ஸ்ரீ பொறித்த பஸ் வண்டிகள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது கிளர்ச்சி மீண்டும் மூண்டது. வடக்கிலே சிங்கள எழுத்தின்மீதும் தெற்கிலே தமிழெழுத்தின்மீதும் தார் பூசப்பட்டது. ஏப்பிரலில் ஒப்பந்தங் கிழிந்தது. மே மாதத்திற் கலவரம் வெடித்தது. கொழும்பிலே வாழ்ந்த தமிழர் பலர் அகதிகளாகிக் கப்பலேறி வடக்குச் சென்றனர்.

இன்று பழைய வண்டிச் சந்தையிலே அந்த ஸ்ரீ இலக்கத்தகடு ஓர் அணிகலன். பழைமைக்குச் சான்றென்று அதனைத் துடைத்து மினுக்கி மாட்டுகின்றனர். மாட்டட்டும், அதனைக் கழற்றிவிடுமாறு நாம் கூறவில்லை. கழற்றினால் வரலாறே மறையும். ஆனால் அதனைப் பார்த்துநிற்கும் பதினாறு வயது மாணவனுக்கு, இவ்வோரெழுத்தின் பொருட்டு இந்நாட்டிலே எத்தனை வீடு எரிந்ததென்று எடுத்துச் சொல்வார் ஒருவரேனும் அருகில் நிற்றல் வேண்டாமா? ஒரு ஜீப்பு 1955இற் பதியப்பட்டதா 1957இற் பதியப்பட்டதா என்பது சேகரிப்பாளர்க்கு விலையின் வேறுபாடு. எமக்கோ அது இரு காலங்களின் வேறுபாடு.

மூன்றாவது முறைப்பாடே அனைத்திலுங் கடினமானது. ஜீப்பு எம்மவர் பலருக்குத் தேயிலை மலையின் அழகையோ வனவிலங்குப் பயணத்தையோ நினைவூட்டும் வண்டியன்று. நடுநிசியிலே ஒழுங்கையின் முனையில் அவ்வெஞ்சினின் உறுமல் கேட்டால் வீட்டுவிளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கியிருந்த குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு; மட்டக்களப்பில் உண்டு; கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உண்டு. 1987 யூலைக்கும் 1990 மார்ச்சுக்கும் இடையில் இந்தியப் படை வடகிழக்கில் இருந்தது. அப்படையின் பாவனையிலிருந்த ஜொங்கா என்னும் வண்டியும் ஜீப்பின் உறவினமே. தென்னாபிரிக்காவிலிருந்து வந்து, பின்னர் அதனைப் பின்பற்றி இங்கேயே செய்யப்பட்ட பவல் கவசவாகனத்தை அறியாத வடபுலத்துச் சிறுவன் அக்காலத்தில் இல்லை.

இது தமிழர் மட்டும் பட்ட துயரன்று என்பதையுங் கூறியாகவேண்டும். 1971ஆம் ஆண்டிலும், 1987 தொடக்கம் 1989வரையுந் தென்னிலங்கைச் சிங்கள இளைஞர் வீடுகளின் முன்னும் வண்டிகள் வந்து நின்றன. அவற்றுட் பலவற்றுக்கு இலக்கத்தகடே இல்லை. 1984இல் யாழ்ப்பாணத்திலே அன்னையர் முன்னணி தோன்றியது. 1990இல் அதே பெயரோடு தெற்கிலும் ஓரியக்கந் தோன்றியது. பிள்ளையை ஏற்றிச்சென்ற வண்டி எதுவென்று கேட்ட தாய்மார்க்கு மொழி வேறாயிருந்தது, கேள்வி ஒன்றாயிருந்தது.

போர்வண்டியைக் காட்சிக்கு வைக்கும்போது இவ்வுண்மையில் எவ்வளவு சொல்லப்படுகின்றது? ஆனையிறவிலே 1991 யூலைச் சமரில் விடுதலைப் புலிகள் இரும்புத்தகடு போர்த்திச் செலுத்திய புல்டோசர் வீதியோரத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதனைத் தன்னுயிர் கொடுத்துத் தடுத்த படைவீரர் காமினி குலரத்னவின் நினைவிடமும் அங்கேயுண்டு. அவருடைய மறத்தை மறுக்கவேண்டியதில்லை. தன் படையினர்க்காக உயிர்நீத்தவனை எவ்வினத்தவரும் மதிப்பர். ஆயினும் அவ்விரும்புச் சட்டத்தின் உள்ளேயும் அச்சமரில் இருபுறத்தும் மடிந்தோரும் தாய்வயிற்றிற் பிறந்தவரே. ஒரு பக்கத்தாரின் கதையை மட்டும் உரைக்கும் காட்சிப்பொருள் வெற்றிச்சின்னம் ஆகலாம், வரலாறு ஆகாது. தனியாரின் கொட்டகையில் நிற்கும் ஜீப்புக்கும் இவ்வளவுகோலே பொருந்தும்.

அப்படியாயின் இவ்வண்டிகளை ஏன் காத்தல் வேண்டும், உருக்கிவிடலாமே என்று கேட்பார்க்கு எமது விடை இது: கண்காணாத துயரை மறப்பது எளிது, தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள் அருகிருக்க மறத்தல் அரிது. மேலும், அரசு இவற்றைக் காக்குமென எதிர்பார்ப்பதற்கில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்கு வகுத்த காலவெல்லை, கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்ட 1815 மார்ச் 2ஆம் திகதி. அவ்வெல்லையை வைத்து நோக்கினால், மவுண்ட்பேட்டன் காலத்து ஜீப்பு பழையிரும்பேயாகும். ஆதலின் இவற்றைக் காத்த தனிப்பட்ட அன்பர்கள் நாட்டுக்கு நன்மையே செய்தனர். அவர்கள் இல்லையேல் நாம் குறைகூறுவதற்கும் ஒரு வண்டி எஞ்சியிராது.

வீண்செலவு என்னுங் குற்றச்சாட்டையுஞ் சிறிது ஆராய்வோம். 2022ஆம் ஆண்டிலே பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டில், தாகம் மிகுந்த பழைய எஞ்சினை ஓட்டுதல் தகுமோ என்பர். பேணப்படும் பழைய வண்டி ஆண்டில் ஓடுவது சில மைல்களே. அன்றியும், 2020 மார்ச்சு முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் புதிய வண்டி இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது, நாட்டைச் சுமந்தவை பழைய வண்டிகளே. அவற்றைச் சுமந்தவை பஞ்சிகாவத்தையின் கைகளே. பழையதைத் திருத்தும் அறிவு ஒரு நாட்டின் செல்வம் என்பதை அவ்வைந்தாண்டுகளும் எமக்குக் கற்பித்தன. அவ்வறிவு ஏட்டிலில்லை, முதுமையடைந்துவரும் சில கைகளிலேயே உண்டு.

இனிச் செய்யத்தக்கன யாவை? குறைகூறி நின்றுவிடுதல் எளிதாகையால், எமக்குத் தோன்றுவன சிலவற்றை முன்வைக்கின்றோம்.

முதலாவதாக, வண்டியொன்றைச் சீர்செய்ய முற்படுவோர் அதனைக் கழற்றுமுன் நாற்புறமும் படம் பிடித்து, கழற்றும் ஒவ்வோர் உறுப்புக்குஞ் சீட்டுக் கட்டி, எறியாது வைத்தல் வேண்டும். இங்கே கடைந்த உறுப்பு, இங்கே மாற்றிய எஞ்சின், இங்கே தைத்த இருக்கை ஆகியன அந்நிய உறுப்பிலும் அரியன. இயலுமாயின் அவற்றை வண்டியிலேயே விட்டுவிடுதல் நன்று. புதிதாக இட்ட உறுப்புகளையும் பொய்யான படையிலக்கங்களையும் புதியவை என்றே எழுதிவைத்தல் நேர்மை.

இரண்டாவதாக, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரலாற்றேடு வேண்டும். பதிவுப் புத்தகத்தின் பிரதி, முன்னைய உடைமையாளர் பட்டியல், எத்தோட்டத்தில் எந்த அலுவலகத்தில் உழைத்தது, எவ்வாண்டில் எவ்விலக்கம் பெற்றது, எக்கராஜில் எவர் திருத்தினார் என்பன அதில் இடம்பெறல் வேண்டும். வண்டி கைமாறும்போது திறப்போடு இவ்வேடும் கைமாறல் வேண்டும்.

மூன்றாவதாக, கண்காட்சிக்கு வரும் வண்டியின் முன்னே மும்மொழியிலும் ஒரு குறிப்புப் பலகை நிற்றல் வேண்டும். அதிலே குதிரைவலுவையும் செய்யப்பட்ட ஆண்டையும் மட்டும் எழுதாமல், இலக்கத்தகட்டின் கதையையும் எழுதுக. அவ்வகை வண்டி இந்நாட்டின் கொந்தளிப்பான காலங்களில் எவ்வாறு பயன்பட்டதென்பதையும் எழுதுக. பழிதீர்க்கும் நோக்கோடு அன்று. இனியொரு தலைமுறை அவ்வோசைக்கு அஞ்சி விளக்கணைக்கும் நிலை வாராதிருக்கும்பொருட்டே.

நான்காவது, எம் கல்லூரிக்குரிய பணி. இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் மோட்டார் பொறியியலாளர் உளர், வணிகர் உளர், வழக்கறிஞர் உளர், வரலாற்றாசிரியர் உளர். மேல்வகுப்பு மாணவர்க்குத் தமிழுஞ் சிங்களமுந் தெரிந்த ஒருவரைத் துணையாகக் கொடுத்து, பஞ்சிகாவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அனுப்புக. அங்கே ஐம்பதாண்டு கராஜில் உழைத்த தமிழர், முஸ்லிம், சிங்களத் தொழிலாளர் உளர். அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே ஒலிப்பதிவு செய்து எழுதிவைக்கச் செய்க. விஞ்ஞான மாணவன் கியர்ப்பெட்டியின் இயக்கத்தை அறிவான். வரலாற்று மாணவன் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் பயனை அறிவான். தமிழ் மாணவன் கராஜிலே பிறந்து அகராதியில் இடம்பெறாத நூறு சொற்களைக் கண்டுகொள்வான். ஒரே பயணத்தில் மூன்று பாடங்கள். செலவோ, விழாவொன்றின் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் தொகையினும் மிகாது.

இதனை விரைந்து செய்தல் வேண்டும். இரும்பு உறுதியானது, எண்ணெயிட்டுக் கூரைக்குக் கீழே நிறுத்தினால் இன்னும் நூறாண்டு கிடக்கும். மனிதர் நினைவுக்கு அத்தகைய ஆயுள் இல்லை. 1958இலே பத்து வயதுச் சிறுவராயிருந்தோர் இன்று எண்பதை அணுகுகின்றனர் அல்லது அதனைக் கடக்கின்றனர். அவர்கள் போனபின் வண்டிகள் மட்டும் பளபளவென்று நிற்கும். அவற்றைக் காண வருவோர் பச்சை வர்ணத்தைக் கண்டு வியந்து, படம் பிடித்துக்கொண்டு செல்வர். கேட்கவேண்டிய கேள்வி எதுவென்றே அறியார்.

பொருளைச் சேர்ப்பவன் செல்வன். பொருளோடு அதன் பொருளையுஞ் சேர்ப்பவனே அறிஞன். எமது பழைய மாணவருள் ஜீப்பு வைத்திருப்போர், இவ்வாண்டு அவ்வண்டிக்கு வர்ணம் பூசுமுன், ஒரு கொப்பியை வாங்கி முதற்பக்கத்தில் அதன் பழைய இலக்கத்தை எழுதுவாராக.